மூன்று கிலோவாட்டுக்கு ஒரு ஆள்

மெர்கோங்கில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய் போன வாரம் ஒரு லாரியைப் பிடித்து, புக்கிட் செலம்பாவ் வரைக்கும் என்னைத் தேடி வந்துவிட்டார். ஜப்பான்காரன் தோற்றதும் திரும்பி வந்த வெள்ளைக்காரப் பட்டாளம் தனக்கு வேண்டாத சாமான்களையெல்லாம் விற்றுத் தள்ளுகிறது. அதில் கரண்டு மிஷின்களும் உண்டு. கடைக்கு மேலே இருக்கிற வீட்டுக்கு ஒன்று எடுக்கலாம் என்று அவருக்கு ஆசை. எதை எடுப்பது என்று தெரியவில்லை. யாரோ என் பேரைச் சொல்லியிருக்கிறார்கள்.

"தம்பி, பன்னெண்டு கிலோவாட்டு ஒண்ணு கெடக்கு, மூணு கிலோவாட்டு ஒண்ணு கெடக்கு. பெருசாவே தூக்கிட்டா என்ன? பின்னாடி ஒதவும்லா," என்றார்.

வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். பத்துப் பன்னிரண்டு விளக்கு, இரண்டு காத்தாடி, ஒரு ரேடியோ, கிணற்றுக்கு அரைக் குதிரைச் சக்திப் பம்பு ஒன்று. நான் மண்ணில் குச்சியால் கூட்டிக் காட்டினேன். வீட்டில் இருக்கிற சாமான் எல்லாவற்றையும் கூட்டக் கூடாது, ஒரே நேரத்தில் எரிவது எதுவோ அதைத்தான் கூட்ட வேண்டும். பம்பு ஓடும்போது குடிக்கிற கரண்டு ஒரு அளவு. கிளம்புகிற அந்த ஒரு நொடிக்கு அதைப்போல மூன்று நான்கு பங்கு இழுக்கும். அதனால் பம்பை முதலில் போட்டுவிட்டு, அது ஓட ஆரம்பித்த பிறகு விளக்கைப் போட வேண்டும். அப்படிப் போட்டால் மூன்று கிலோவாட் தாராளம். பெரியதை எடுத்துச் சின்ன வேலை கொடுத்தால் இன்ஜின் சூடேறாது. சூடேறாத இன்ஜினில் எண்ணெய் முழுசாக எரியாமல் வால்வெல்லாம் பிசின் பிடித்துக் கெட்டுப்போகும். பாதி அளவுக்காவது வேலை இருக்க வேண்டும் என்று சொன்னேன்.

பாய் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "சரி, அத ஓட்ட எத்தன ஆளு வேணும்?" என்றார்.

நான் குச்சியைப் போட்டுவிட்டு எழுந்தேன். ரப்பர்ப் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்குள் போய்விட்டேன். பாவம், அவ்வளவு தூரம் வந்த மனுஷன். பின்னாலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்.

எனக்கு இருபத்து நாலு வயது. இன்ஜின் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. இனிமேல் தொடுவதாக இல்லை. இங்கே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் என்னைப் "பென்சன் கோபாலு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சுங்கைப் பட்டாணி வொர்க்‌ஷாப் ஆட்கள் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்துகிறார்கள். என் வேலை அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி மூன்று மாதமாகக் கேட்கிறார்கள். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன், தப்பு இருந்தால் அவர்களே திருத்திக்கொள்ளட்டும். பாய் கேட்ட இரண்டாவது கேள்விக்கான பதிலைத்தான் எழுதுகிறேன்.

வேலை பழகிய கதை பெரிசாக ஒன்றுமில்லை. பதிமூன்று வயதில் எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலையில் இன்ஜினுக்கு எண்ணெய் விடுகிற ஆளாகச் சேர்ந்தேன். மூன்று வருஷம் எண்ணெய்க் குவளை, அதற்குப் பிறகு ஸ்பேனர். என் அண்ணன் வீராசாமி அங்கே இன்ஜின் டிரைவர். என்னைவிட ஆறு வயது மூத்தவன். அப்பா அம்மா இரண்டு பேரும் காய்ச்சலில் போன பிறகு அவன்தான் எனக்கு எல்லாம். அண்ணி அஞ்சலை வந்த பிறகு அவர்கள் வீட்டிலேயே இருந்தேன்.

ஜப்பான்காரன் வந்தபோது தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். ஓடுவதற்கு முன்னால் பங்களாவில் இருந்த கரண்டு மிஷினை அவருடைய ஆட்களே சம்மட்டியால் உடைத்தார்கள். ஆலையும் நின்றது. பங்களாவில் ஜப்பான் பட்டாளத்து ஆபீசர் ஒருவன் வந்து குடியேறினான். அவனுக்கு விளக்கும் காத்தாடியும் வேண்டும். பாடாங் மேஹா பக்கம் ஆள் இல்லாமல் கிடந்த ஒரு தோட்டத்து ஸ்டோரில் இரண்டு மிஷின் இருக்கிறது, போய்ப் பார்த்துச் சரியானதை எடுத்து வாருங்கள் என்று தோட்டத்துக் கணக்கெழுதுகிற பெரிய கிராணி எங்களை அனுப்பினார்.

அண்ணன் முறையாகத்தான் வேலையை ஆரம்பித்தான். பங்களாவில் அறை அறையாக என்னை நடக்கவிட்டு எண்ணினான். இருபது விளக்கு, மூன்று காத்தாடி, ஒரு ரேடியோ, கிணற்றுப் பம்பு. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கூட்டி, பம்பு கிளம்புவதற்கும் சேர்த்து, மூன்று கிலோவாட் என்று எழுதி அடியில் கோடு போட்டான். ஸ்டோரில் போய்ப் பார்த்தால் மூன்று கிலோவாட் மிஷின் சுத்தமாக, சாக்குப் போர்த்தி இருந்தது. ஒரு ஆள் கைப்பிடியைச் சுற்றினால் கிளம்பிவிடும். பக்கத்தில் பன்னிரண்டு கிலோவாட். படுக்கை வசத்தில் இருக்கிற டீசல் இன்ஜின், நெஞ்சு உயரத்துக்குச் சக்கரம். அதைக் கிளப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருத்தன் வால்வைத் திறந்து வைக்கிற லீவரைத் தூக்கிப் பிடித்துக்கொள்வான். இன்னொருத்தன் கைப்பிடியைப் போட்டுச் சக்கரத்துக்கு வேகம் வரும்வரை சுற்றுவான். வேகம் வந்ததும் "விடு" என்பான். லீவரை விட்டதும் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். ஒரே ஆள் இரண்டையும் செய்யப் பார்த்தால் கைப்பிடி எதிர்ப்பக்கம் அடித்து மணிக்கட்டை உடைத்துவிடும். சின்ன மிஷினுக்கு ஒரு ஆள், லீவர் மிஷினுக்கு இரண்டு ஆள், இதுதான் தோட்டங்களில் வழக்கம்.

அப்போதுதான் சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தால் ஒருத்தன் போக வேண்டும், கல்யாணம் ஆகாதவன் முதலில். காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டில் கிராணி பேர் வாசிப்பார். பங்களா வேலையில் இருக்கிறவனை மட்டும் தொட மாட்டார்கள். எங்கள் வீட்டில் கல்யாணம் ஆகாதவன் நான்.

அண்ணன் இரண்டு மிஷினையும் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு கையிலிருந்த காகிதத்தைக் கிழித்து எண்ணெய்த் தொட்டியில் போட்டான்.

"டேய் கோபாலு, பெருச எடுத்துக்குவோம்."

"அண்ணே, அதுக்கு அங்க வேலையே இல்லியே."

"மிஷினுக்கு வேல இல்லாட்டி போகட்டும். ரெண்டு பேருக்கு இருக்குல்ல."

அவ்வளவுதான் பேசினோம். பங்களாவுக்கு அது நாலு மடங்கு பெரிசு. ஆபீசர் சக்கரத்தைப் பார்த்ததும் குழந்தை மாதிரிச் சிரித்தான். கிராணி பங்களா ஆள் கணக்கில் இரண்டு பேரையும் எழுதிக்கொண்டார்.

நாலைந்து மாதத்தில் ஆபீசர் மாறிப் போனான். அவன் இடத்தில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஜப்பான்காரன் வந்தான். பட்டாளத்து ஆள் இல்லை, ஊரில் ஏதோ மிஷின் பட்டறையில் இருந்தவன் என்று சொன்னார்கள். யாரையும் அடித்ததில்லை, அதட்டியதில்லை. பேசவே மாட்டான். மலாயில் நாலு வார்த்தை தெரியும். லயத்தில் அவனுக்கு மௌனசாமி என்று பேர் வைத்துவிட்டார்கள். கன்னத்தில் அறைகிறவனைக்கூட எப்போது அறைவான் என்று கணக்குப் போட்டுவிடலாம். இவனிடம் அது முடியாது.

தினமும் காலை ஒன்பது மணிக்கு இன்ஜின் கொட்டகைக்கு வருவான். உட்கார மாட்டான். வலது கை உறையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்துப் புகைக்குழாய் வாயில் பிடித்து, உதட்டுக்குள் பத்து வரைக்கும் எண்ணுவான். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். சாம்பல் நிறம் லேசாகப் படிந்திருந்தால் இன்ஜின் நன்றாக எரிகிறது. அந்தக் காகிதத்தை எங்களிடம் கொடுத்துவிடுவான், அண்ணன் அதைக் கத்தரித்து மிஷின் சாமான்களைத் துடைக்க வைத்துக்கொள்வான். எண்ணெய்ப் பொட்டு விழுந்திருந்தால் மௌனசாமி அதை நாலாக மடித்துத் தன் பையில் போட்டுக்கொள்வான். அப்படியே போய்விடுவான்.

அவன் வந்த முதல் வாரம் முழுக்கக் காகிதம் அவன் பைக்குத்தான் போனது. டீசல் எங்கேயும் கிடையாது. மரத்தில் உறைந்து காய்ந்த ஒட்டுப்பாலை டிரம்மில் போட்டுக் காய்ச்சி இறக்கின ரப்பர் எண்ணெய்தான். நல்ல வேலை கொடுத்தாலே அது பிசின் கட்டும். நாங்கள் பன்னிரண்டு கிலோவாட் இன்ஜினில் ஒரு பம்பையும் மூன்று காத்தாடியையும் ஓட்டிக்கொண்டிருந்தோம். புகைக்குழாயிலிருந்து கறுப்பாகச் சொட்டியது. வால்வு இரண்டு தடவை ஒட்டிக்கொண்டது. கழற்றிச் சுரண்டிச் சுரண்டி எங்கள் நகமெல்லாம் போயிற்று.

அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். கொட்டகைக்குப் பின்னால் வாழைக்கூட்டத்துக்குள் ஒரு டிரம்மை வைத்துத் தண்ணீர் நிரப்பினான். அதில் இரண்டு இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டு, மிஷினிலிருந்து கம்பி இழுத்து மாட்டினான். தண்ணீரில் உப்பைப் போட்டால் கரண்டு அதன் வழியாகப் பாயும், தண்ணீர் கொதிக்கும். உப்பு கூடக்கூட இன்ஜினுக்கு வேலை கூடும். பங்களாவில் இல்லாத வேலையை அந்த டிரம்மில் உண்டாக்கினோம். இன்ஜின் திணறி, சூடேறி, சுத்தமாக எரிந்தது. மறுநாள் மௌனசாமி காகிதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு எங்களிடம் நீட்டினான். அண்ணன் அதை வாங்கி உடனே கத்தரிக்க ஆரம்பித்தான்.

உப்பு அப்போது கிடைக்காத பொருள். அண்ணி சமையலுக்கு ஒளித்து வைத்திருந்ததில்தான் அவன் கை வைத்தான்.

"மிஷினுக்கு உப்பு, நமக்குச் சப்புன்னு மரவள்ளிக் கெழங்கா?" என்று அண்ணி சண்டை பிடித்தார்.

"அது உப்பு தின்னாத்தான் நாங்க ரெண்டு பேரும் இங்க இருக்க முடியும், புரிஞ்சுக்க," என்றான் அண்ணன்.

அப்படியே ஏழெட்டு மாதம் ஓட்டிவிட்டோம். அந்த ஏழெட்டு மாதத்தில் எங்கள் லயத்திலிருந்து பதினோரு பேர் சயாமுக்குப் போனார்கள். எங்களுக்கு நேர் எதிர் வீட்டில் இரண்டு பேர். அவர்கள் அம்மா எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மாட்டிக்கொண்டது எங்கள் மடத்தனத்தால்தான். ஒரு நாள் காலையில் பம்பு பெல்ட் அறுந்துவிட்டது. பங்களாவில் ஆள் இல்லை, மௌனசாமி கூலிம் டவுனுக்குப் போயிருந்தான். விளக்கு இல்லை, காத்தாடி இல்லை, பம்பும் இல்லை. ஆனாலும் பழக்க தோஷத்தில் டிரம்மோடு இன்ஜினை ஓட்டிக்கொண்டு, பெல்ட்டைத் தைத்துக்கொண்டிருந்தோம். அவன் திரும்பி வந்து நேராகக் கொட்டகைக்குள் நுழைந்தான். காகிதத்தைப் பிடித்தான். சுத்தமாக இருந்தது. நின்றுகொண்டிருந்த பம்பைப் பார்த்தான். பங்களாவைப் பார்த்தான். ஒரு வேலையும் இல்லாத இன்ஜின் எப்படிச் சுத்தமாக எரியும்? எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தான். வாழைக்குள் போய், புறங்கையை டிரம்மின் மேல் வைத்துப் பார்த்தான். விளிம்பில் வெள்ளையாகக் காய்ந்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

திரும்பி வந்து, இன்ஜின் கட்டியிருந்த செங்கல் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மிஷின் கெச்சில், பெராப்பா ஓராங்?" என்று கேட்டான். சின்ன மிஷினுக்கு எத்தனை ஆள் என்று.

அண்ணன் கையிலிருந்த பெல்ட்டைக் கீழே வைத்தான். மௌனசாமியே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான்.

மூன்றாம் நாள் பாடாங் மேஹாவிலிருந்து சின்ன மிஷின் லாரியில் வந்து இறங்கியது. அதே சாக்கு. கொட்டகை வாசலில் பலகை போட்டு வைத்தோம். இது பெட்ரோலில் கிளம்பி ரப்பர் எண்ணெயில் ஓடுகிற இன்ஜின், கிளப்ப மட்டும் மௌனசாமி தன்னிடமிருந்து அரைப் புட்டி பெட்ரோல் கொடுத்தான். அண்ணன் தொட்டியைக் கழுவினான், நான் பிளக்கைத் துடைத்தேன். தயாரானதும் மௌனசாமி என்னைப் பார்த்துக் கைப்பிடியைக் காட்டினான்.

இங்கே நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அது எதற்கான சோதனை என்று அந்த நேரத்தில் எனக்குப் புரியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் மன்னிப்புக் கிடைத்துவிட்டது, புது மிஷினை ஓட்டிக் காட்டச் சொல்கிறான் என்று நினைத்தேன். கைப்பிடியைப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றினேன். பிடித்துக்கொண்டது. என்ன அழகான சத்தம். ஏதோ சாதித்துவிட்டவன் மாதிரி அண்ணனைப் பார்த்தேன். மௌனசாமி நிறுத்தச் சொன்னான். பிறகு அண்ணனுக்குக் கைப்பிடியைக் காட்டினான்.

அண்ணன் உடனே சுற்றவில்லை. குனிந்து, பிளக்குக்குப் பொறி கொடுக்கிற மேக்னட்டோவின் மூடியைத் திறந்து, வழக்கமாகச் செய்கிறதுபோல முனைகளை ஒரு தடவை காகிதத்தால் துடைத்து மூடினான். பிறகு கையில் துப்பிக்கொண்டு சுற்றினான். ஆறு சுற்று. பத்து சுற்று. இன்ஜின் இருமக்கூட இல்லை. நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது. மறுபடியும் சுற்றினான். அந்த ஆலையில் அவன் கிளப்பாத இன்ஜின் கிடையாது.

நான் சிரித்தேன்.

"என்னண்ணே, சோறு திங்கலியா?" என்று கேட்டேன். ஒரு வருஷமாக யாரும் சோறு தின்னாத காலம் அது.

அவனும் சிரித்தான். "கெழங்கு தின்ன கைடா தம்பி, வரமாட்டேங்குது," என்றான்.

மௌனசாமி கடிகாரத்தைப் பார்க்கவில்லை, மிஷினையும் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் நோட்டை எடுத்து, பங்களா ஆள் என்று என் பேரை மட்டும் எழுதினான். அவனுக்குத் தெரிந்துதான் எழுதினான் என்று இப்போது நினைக்கிறேன். மிஷின் பட்டறையில் இருந்தவனுக்கு அது தெரியாமல் போகாது.

மறுநாள் பெரட்டில் கிராணி அண்ணன் பேரை வாசித்தார். கல்யாணம் ஆகாதவன் நான் இருக்கிறேன், என்னை எடுங்கள் என்று ஓடினேன். பங்களா ஆளைத் தொட முடியாது என்றார். அண்ணன் ஒரு வேட்டியும் போர்வையும் எடுத்துக்கொண்டான். அண்ணி அந்த வருஷம் பிறந்த கைக்குழந்தையோடு லாரி வரைக்கும் வந்தார். லாரியில் ஏறின பிறகு குனிந்து என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னான். "மிஷின காலையில பாத்துக் கெளப்புடா. மொதல்ல மேக்னட்டோவத் தொடைச்சிரு."

லாரி போன பிறகு கொட்டகைக்குப் போனேன். பங்களா பம்புக்கு நேரமாகிவிட்டது. மேக்னட்டோ மூடியைத் திறந்தேன். இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டு இருந்தது. மௌனசாமி கொடுக்கிற அந்த வெள்ளைக் காகிதம்தான். துடைக்கிற காகிதத்தை ஒற்றையாக விட்டு இழுப்போம், யாரும் மடிக்க மாட்டோம். அது இரண்டாக மடித்து, அழுத்திச் செருகப்பட்டிருந்தது. அது இருந்தால் முனை இரண்டும் தொடாது, பொறி வராது, நாள் முழுக்கச் சுற்றினாலும் கிளம்பாது.

அதை எடுத்துவிட்டுச் சுற்றினேன். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒன்பது மணிக்கு மௌனசாமி வந்து காகிதம் பிடித்துப் பார்த்து என் கையில் கொடுத்தான். சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு ஜப்பான்காரன் தோற்றுப் போகிறவரைக்கும், ஒரு நாள்கூட அந்தக் காகிதத்தில் எண்ணெய்ப் பொட்டு விழவில்லை. பங்களாவுக்கு அந்த மிஷின் அவ்வளவு பொருத்தம்.

அண்ணன் திரும்பி வரவில்லை. சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக வந்த ஒருவர், இரண்டாவது மழைக்காலத்துக்கு முன்னாலேயே காலராவில் போய்விட்டான் என்று சொன்னார். எரித்தார்களா, புதைத்தார்களா என்று அவருக்குத் தெரியவில்லை. ஜப்பான்காரன் போன அன்றைக்கே நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அண்ணியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு இங்கே புக்கிட் செலம்பாவுக்குப் பால் வெட்ட வந்துவிட்டேன்.

ஒரு மிஷினைச் சுற்றத் தெரியாமல் போய்விட்டாரே என்று அண்ணி இன்றைக்கும் சொல்லிச் சொல்லி அழுகிறார். சில நாள் திட்டுகிறார். "ஊருக்கெல்லாம் மிஷின் ஓட்டுன மனுசன், அன்னைக்கு ஒரு நாளு கையில பெலம் இல்லாம போச்சா," என்பார். நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். கைக்குப் பலம் இருந்தது, பொண்டாட்டியையும் பிள்ளையையும் விட்டுவிட்டு உங்கள் கொழுந்தனைக் காப்பாற்ற முடிவு செய்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்லுவேன்? சொன்னால் என் முகத்தைப் பார்ப்பாரா? அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் சுற்றாமல் நின்றிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை போலிருக்கிறது. சில நாள் அவன் மேல் எனக்கு வருகிற கோபம் ஜப்பான்காரன் மேல்கூட வருவதில்லை.

பாய்க்கு இந்தப் பத்திரிகை கிடைத்தால் இதைச் சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு மூன்று கிலோவாட் போதும். அதை ஓட்ட ஒரு ஆள் போதும்.

அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. தயவுசெய்து யாரும் படித்துக் காட்டிவிடாதீர்கள்.